பசித்தோரை அனுப்பிவிட வேண்டாம்

(அக்டோபர் 16, உலக உணவு நாளையொட்டி வானொலியில் ஆற்றிய மறையுரை)



சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்லி இன்றைய சிந்தனையைத் தொடங்குகிறோம். கிறிஸ்து பிறப்புக்கு முந்திய வாரம் அது. எங்கள் பங்கின் புனித வின்சென்ட் தே பவுல் சபையாரும், வேதியரும், நாமுமாக ஒரு தேயிலைத் தோட்டத்தின் லைன் வீடுகளுக்குச் சென்றோம். வீட்டுக்கு ஐந்து கிலோ அரிசி, ஒரு போர்வை, பிள்ளைகள் இருந்தால் கொஞ்சம் கேக். கடைசி வீட்டில் ஒரு தாய் தனியாக இருந்தார். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்துவிட்டார். அடுப்பின் மேல் சோற்றுப் பானை இருந்தது. தொட்டுக்கொள்ள ஒரு கிண்ணத்தில் மிளகாய்த் துவையல். எங்களுக்குக் குடிக்கத் தேநீர் தந்தார். அதில் பால் இல்லை.

அரிசிப் பையை வாங்கிக்கொண்டவர், கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "ஃபாதர், தப்பா நெனைக்காதீங்க. அரிசி ரேஷன்லயே கெடைக்குது. எனக்கு வர வேண்டிய கிராஜுவிட்டி பணம் ரெண்டு வருஷமா வரல. வீட்டையும் காலி பண்ணச் சொல்றாங்க. எனக்கு ஒரு லெட்டர் எழுதித் தர முடியுமா?"

நாங்கள் அவருடைய பசிக்கு அரிசி கொண்டு போயிருந்தோம். அவரோ தம் பசிக்கு என்ன காரணம் என்பதை எங்களுக்குச் சொன்னார். அந்தக் கடிதம் என்ன ஆயிற்று என்பதைப் பிறகு சொல்கிறோம். அதற்கு முன், அவர் சொன்ன அந்தக் காரணத்தைப் பற்றிச் சிந்திப்போம்.

அன்பார்ந்தவர்களே, 1945-ஆம் ஆண்டு அக்டோபர் 16 அன்று ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் தொடங்கப்பட்டது. அந்த நாளையே உலக உணவு நாளாகக் கொண்டாடுகிறோம். 2025-இல் அந்நிறுவனத்திற்கு 80 வயது நிறைந்தது. இந்த 80 ஆண்டுகளில் உலகின் விளைச்சல் பல மடங்கு பெருகியிருக்கிறது. இன்றைக்கு உலகில் வாழும் எல்லாருக்கும் போதுமான உணவு விளைகிறது. ஆனாலும், 2024-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 67 கோடிப் பேர் பசியோடு இருந்தார்கள் என்று ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை சொல்கிறது. பன்னிரண்டு பேரில் ஒருவர். ஆப்பிரிக்கக் கண்டத்தில் ஐந்து பேரில் ஒருவர். விளைச்சல் இருந்தும் பசி ஏன்?

மாற்கு நற்செய்தியின் 6-ஆம் அதிகாரத்தைத் திறந்து பார்ப்போம். பாலை நிலம். பொழுது சாய்ந்துவிட்டது. ஐயாயிரம் ஆண்கள் அங்கே இருக்கிறார்கள். சீடர்கள் ஆண்டவரிடம் வந்து ஒரு யோசனை சொல்கிறார்கள். மக்களை அனுப்பிவிட்டால், அவர்கள் அக்கம்பக்கத்து ஊர்களுக்குப் போய்த் தங்களுக்கு வேண்டியதை வாங்கிக்கொள்வார்கள் என்பதே அந்த யோசனை. சீடர்கள் கெட்டவர்கள் அல்லர். மக்கள் பசியாக இருப்பதை முதலில் கவனித்தவர்களே அவர்கள்தாம். யோசனையும் நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஊரில் கடை இருக்கிறது, கடையில் அப்பம் இருக்கிறது, போய் வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் கையில் காசு இல்லாதவர் என்ன செய்வார்? அந்தக் கேள்வி மட்டும் அவர்களுடைய யோசனையில் இல்லை.

ஆண்டவர் அந்த யோசனையை ஏற்கவில்லை. உணவளிக்கும் பொறுப்பைச் சீடர்களிடமே ஒப்படைத்தார். உடனே அவர்கள் கணக்குப் போட்டார்கள்: இருநூறு தெனாரியம் வேண்டும். ஒரு தெனாரியம் என்பது அக்காலத்தில் ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலி. செலவு அதிகம், நம்மால் ஆகாது என்பதே அந்தக் கணக்கின் பொருள்.

"அனுப்பிவிடுவோம், அவர்களே வாங்கிக்கொள்வார்கள்." "செலவு அதிகம்." பசியின் வரலாறு முழுவதும் இந்த இரண்டு பேச்சுகள் திரும்பத் திரும்பக் கேட்கின்றன. நாம் வாழும் இந்த மலையின் வரலாற்றிலும் அவை உண்டு.

நம் பாட்டிமார் 'தாது வருஷப் பஞ்சம்' என்று சொல்லக் கேட்டிருப்போம். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பஞ்சம் அது. மழை பொய்த்தது உண்மை. ஆனால் மழை பொய்த்ததால் மட்டும் அரை கோடிக்கும் மேற்பட்ட மக்கள் மடியவில்லை. அந்த ஆண்டுகளிலும் இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. ஏற்றுமதிக்கான தானியம் சென்னைக் கடற்கரையில் அடுக்கிவைக்கப்பட்டிருந்த காட்சி 1877 பிப்ரவரியில் படமாகவே பதிவாகியிருக்கிறது. அன்றைய வைசிராய் லிட்டன் பிரபு, தானிய விலையில் அரசு தலையிடக் கூடாது, சந்தை தானாகவே சரிசெய்துகொள்ளும் என்று உறுதியாக இருந்தார். செலவைக் குறைப்பதற்காக அனுப்பப்பட்ட ரிச்சர்டு டெம்பிள் என்னும் அதிகாரி, நாள் முழுவதும் மண் சுமக்கும் ஆண் ஒருவருக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று விதித்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. உயிர் தரிக்க அது போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் கார்னிஷ் எதிர்த்து வாதாடினார். அந்தக் காலத்தில் கோடை வந்தால் மாகாண அரசே உதகைக்கு ஏறி வந்துவிடும். நமக்குப் பழக்கமான இந்தக் குளிர்ந்த சாலைகளிலிருந்துதான் வெயிலில் வெந்த ஊர்களும் ஆளப்பட்டன.

அந்தப் பஞ்சத்தில் பிழைத்தவர்கள் எங்கே போனார்கள்? பலர் மலையேறினார்கள். நீலகிரிக்கும், வயநாட்டுக்கும், கடல் தாண்டி இலங்கைக்கும் போனார்கள். 'பஞ்சம் பிழைக்கப் போனவர்கள்' என்று ஊர் அவர்களைச் சொன்னது. கங்காணி தந்த முன்பணத்தைக் கடனாகத் தலையில் சுமந்துகொண்டு காடு வெட்டினார்கள். காப்பி நட்டார்கள், பிறகு தேயிலை நட்டார்கள். அவர்கள் நட்ட செடியில் ஒரு கைப்பிடி கூட உணவு இல்லை. உலகம் குடிக்கும் பானத்தை வளர்த்தவர்கள், தங்கள் சோற்றுக்குத் தோட்டத்து அரிசியையும் கடைக்காரரின் கடன் நோட்டையும் நம்பியிருந்தார்கள்.

இலங்கைக்குப் போனவர்களின் பிள்ளைகளுக்கு 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடே இல்லாமல் போயிற்று. 1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்றும் இரண்டு அரசுகளும் எண்ணிக்கையைப் பிரித்துக்கொண்டன. அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. எழுபதுகளின் முற்பகுதியில் இலங்கையில் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது மிகக் கொடுமையாக அடிபட்டவர்கள், பயிரிட ஒரு துண்டு நிலமும் வாக்குரிமையும் இல்லாத தோட்ட மக்களே. அப்படித் திரும்பி வந்தவர்களுக்கு வேலை தருவதற்காகத்தான் தமிழ்நாடு அரசு 1968-இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. பின்னாளில் 'டான்டீ' என்று நாம் அறிந்த கழகம் அதுதான். கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கங்களில் நம்மோடு திருப்பலிக்கு வரும் எத்தனையோ குடும்பங்களின் கதை இது.

ஆக, அன்பார்ந்தவர்களே, இந்த மலையின் மக்களில் பெரும்பகுதியினர் யாராலோ எங்கிருந்தோ அனுப்பிவிடப்பட்டவர்களின் பிள்ளைகள். பசியைப் பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டு. நமக்குக் கடமையும் உண்டு.

1943-இல் வங்காளத்தில் மற்றொரு பெரும் பஞ்சம் வந்தது. ஏறத்தாழ 30 லட்சம் பேர் இறந்தார்கள். அப்போது சிறுவனாக இருந்து அதைக் கண்ணால் கண்டவர் அமர்த்தியா சென். பின்னர் பொருளியல் அறிஞராகி, 1981-இல் வெளியிட்ட நூலில் அந்தப் பஞ்சத்தின் கணக்கை ஆராய்ந்தார். பஞ்சம் இல்லாத 1941-ஆம் ஆண்டை விட 1943-இல் வங்காளத்தில் உணவு குறைந்திருக்கவில்லை என்று காட்டினார். போர்க்கால விலையேற்றத்தில் அரிசி விலை கூலியைத் தாண்டி எங்கோ போய்விட்டது. கடையில் அரிசி இருந்தது, கூலியாளிடமும் மீனவரிடமும் அதை வாங்கும் வழி இல்லை. 1998-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய ஆராய்ச்சியின் சாரத்தை நம் வீட்டுப் பேச்சில் சொன்னால் இவ்வளவுதான்: பஞ்சம் என்பது உணவு இல்லாத நிலை மட்டும் அல்ல, இருக்கும் உணவின் மேல் ஏழைக்கு உரிமை இல்லாத நிலை.

இன்றைய உலகைப் பாருங்கள். 2024-இல் சூடான் நாட்டில் வடக்கு டார்ஃபூரின் ஸம்ஸம் முகாமில் பஞ்சம் உறுதிசெய்யப்பட்டது. 2025 ஆகஸ்டில் காசா நகரப் பகுதியில் பஞ்சம் அறிவிக்கப்பட்டது. இரண்டு இடங்களிலும் வானம் பொய்க்கவில்லை. மனிதர் மனிதருக்குச் சோற்றின் வழியை அடைத்தார்கள். பட்டினியைப் போரின் ஆயுதமாகப் பயன்படுத்துவதை ஐ.நா. பாதுகாப்பு அவை 2018-லேயே கண்டித்துத் தீர்மானம் போட்டிருக்கிறது. தீர்மானம் தாளில் இருக்கிறது. போரோடு கடன் சுமை, பருவ மாற்றம், நிலமின்மை, பெண்களுக்குக் கடைசிப் பந்தி என்று காரணங்கள் பல. எல்லாவற்றிலும் ஒரே முகத்தைக் காண்கிறோம்: பேசினாலும் யாரும் கேட்காத மனிதரின் முகம்.

நம் மலையிலும் பசி தீர்ந்துவிட்டதா? பட்டினிச் சாவு நமக்குப் பழங்கதை, இறைவனுக்கு நன்றி. ஆனால் வேறொரு பசி மறைந்திருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு இரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நான்கில் ஒரு பிள்ளை வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருக்கிறது. பானையில் சோறு இருக்கிறது. பருப்பும் கீரையும் முட்டையும் பாலும் இல்லை. சத்தான உணவை வாங்க வசதியில்லாதவர்கள் உலகில் 260 கோடிப் பேர் என்கிறது அதே ஐ.நா. அறிக்கை. அந்த லைன் வீட்டுத் தாயின் சோற்றுப் பானையும் மிளகாய்த் துவையலும் அந்தக் கணக்கில் அடங்கும்.

சிறு தேயிலை விவசாயிகளின் நிலையும் இதுதான். படுகர் ஊர்களில் ஒரு காலத்தில் ராகியும் சாமையும் கொரலியும் விளைந்தன. பிறகு உருளைக்கிழங்கு வந்தது. பின்னர் அந்த நிலங்களும் தேயிலைக்கு மாறின. நல்ல விலை கிடைத்தவரை கஷ்டம் தெரியவில்லை. தொண்ணூறுகளின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை சரிந்தபோதுதான், வீட்டுக்கு உணவு தந்த வயல் இப்போது இல்லை என்பது உறைத்தது. இலையை யார் என்ன விலைக்கு எடுப்பார் என்பதைப் பறிப்பவர் தீர்மானிப்பதில்லை. 2023 செப்டம்பரில் கட்டுப்படியாகும் விலை கேட்டு நம் விவசாயிகள் தொடர் உண்ணாவிரதம் இருந்தார்கள். தங்கள் குடும்பத்தின் சாப்பாட்டுக்காக அவர்கள் சாப்பிடாமல் உட்கார்ந்தார்கள்.

இந்த மலையின் முதல் மக்களான ஆதிவாசிகளை எண்ணிப் பாருங்கள். காட்டுக் கிழங்கும், தேனும், சாமையும் தினையும் தந்த நிலம் அவர்கள் கைவிட்டுப் போன பிறகுதான் அவர்கள் ஏழைகள் என்று அழைக்கப்பட்டார்கள். கூடலூர்ப் பகுதியில் பணியரும், காட்டுநாயக்கரும், மற்றவர்களும் 1980-களின் பிற்பகுதியில் ஆதிவாசி முன்னேற்றச் சங்கமாகக் கூடித் தங்கள் நிலத்தைக் கேட்கத் தொடங்கினார்கள். அவர்கள் அரிசி கேட்கவில்லை. நிலம் கேட்டார்கள்.

அன்பார்ந்தவர்களே, மனம் சோர்ந்துவிட வேண்டாம். நற்செய்திக்குத் திரும்புவோம். சீடர்கள் இருநூறு தெனாரியக் கணக்கைச் சொன்னபோது, உங்களிடம் எத்தனை அப்பம் இருக்கிறது, போய்ப் பார்த்து வாருங்கள் என்றார் ஆண்டவர். இல்லாததைக் கணக்குப் பார்த்தவர்களை, இருப்பதை எண்ணிப் பார்க்கச் செய்தார். ஐந்து அப்பம், இரண்டு மீன் என்று வந்து சொன்னார்கள்.

நம் நாட்டில் இருப்பதை எண்ணிப் பார்த்தவர்கள் உண்டு. தாது வருஷப் பஞ்சத்துக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1867-இல், வடலூரில் வள்ளலார் தருமச்சாலையைத் தொடங்கினார். அவர் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. சாதி மதம் கேளாமல் சோறிடும் அந்த அடுப்பின் முன் நாமும் தலைவணங்குகிறோம். 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு தரத் தொடங்கியது. 1956-இல் காமராசர் அதைப் பள்ளிகளுக்கான மதிய உணவுத் திட்டமாக விரித்தார். அப்போதும் செலவு அதிகம் என்ற பேச்சு இருந்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2023-இல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. தாய் காலையில் பெயர் கொடுக்க ஓட வேண்டிய தோட்டத்து வீடுகளில், அந்தக் காலை உணவு என்ன ஆறுதல் என்பதை நம் ஆசிரியைகள் சொல்வார்கள்.

ரேஷன் கடையையும் எண்ணிப் பாருங்கள். 1997-இல் நாடெங்கும் வறுமைக் கோட்டுக்குக் கீழ், மேல் என்று மக்களைப் பிரித்தபோது, தமிழ்நாடு எல்லாருக்குமான கடையாகவே அதை வைத்துக்கொண்டது. ஏழையா என்று வடிகட்டும்போது உண்மையான ஏழையே முதலில் விடுபட்டுப் போகிறார். ஆண்டவரும் மக்களை நூறு பேராகவும் ஐம்பது பேராகவும் பசும்புல்லில் அமரச் செய்தார், எல்லாரையும். யாரிடமும் அட்டை கேட்கவில்லை.

இவற்றில் ஒன்றை மட்டும் சற்று நிறுத்திச் சொல்கிறோம். 2001-ஆம் ஆண்டு ராஜஸ்தானில் வறட்சி. அரசுக் கிடங்குகளில் தானியம் நிரம்பி வழிய, மக்கள் பட்டினி கிடந்தார்கள். மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்தில் ஒரு மனு போட்டது. அவ்வாண்டு நவம்பர் 28 அன்று, எல்லா மாநிலங்களிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமைத்த மதிய உணவு தர வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த வழியிலேயே நடந்து, 2013-இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதுவரை தயவாக இருந்தது, அன்றுமுதல் உரிமையாயிற்று. எல்லாம் ஒரு மனுவில், ஒரு கடிதத்தில் தொடங்கியது.

திருச்சபைக்கு இது புதிய போதனை அன்று. கி.பி. 368-ஐ ஒட்டிக் கப்பதோக்கியா நாட்டில் பஞ்சம் வந்தபோது, புனித பசிலியார் களஞ்சியத்தைப் பூட்டிவைத்திருந்த செல்வர்களை மறையுரையிலேயே கடிந்துகொண்டார். நம் பெட்டியில் தேவைக்கு மேல் இருப்பது பசித்தவருக்குச் சொந்தமானது என்பதே அவருடைய போதனை. பூவுலகின் நன்மைகள் அனைவருக்காகவும் படைக்கப்பட்டவை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கற்பித்தது. 1967-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் மக்களின் முன்னேற்றம் பற்றி எழுதிய சுற்றுமடலில், பசித்த மக்களினங்களின் குரலைச் செல்வ நாடுகளின் முன் வைத்தார். அனைவருக்கும் உணவு என்னும் இயக்கத்தை உலகக் காரித்தாஸ் 2013 டிசம்பரில் தொடங்கியது. ஆக, இல்லாதவருக்குக் கொடுப்பது அன்பின் செயல். அவருக்கு உரியதை அவரிடம் சேர்ப்பது நீதியின் செயல். நீதியைச் செய்யாமல் விட்டுவிட்டு அந்த இடத்தில் அன்பளிப்பை வைக்க முடியாது.

இப்போது அந்தக் கடிதத்துக்கு வருகிறோம்.

அந்தத் தாய் கேட்ட கடிதத்தை எழுத நமக்கு மூன்று மாதம் ஆயிற்று. வேலை அதிகம் என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். உண்மை அதுவல்ல. அந்த நிர்வாகம் நம் ஆலயத் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் நன்கொடை தந்துவந்தது. அரிசி கொடுத்தால் எல்லாரும் நம்மைப் பாராட்டுவார்கள். கடிதம் எழுதினால் சிலருக்கு நம்மைப் பிடிக்காமல் போகும். ஆகவே, நாமும் அந்தச் சீடர்களைப் போலவே அவரை அனுப்பிவிட்டிருந்தோம், கையில் ஒரு அரிசிப் பையைக் கொடுத்து. தவக்காலத்தில் ஒரு நாள் மாற்கு நற்செய்தியின் இந்தப் பகுதியைத் தியானித்தபோது, அது நம்மைச் சுட்டது. மறுநாள் எழுதினோம்.

எழுதியதும் எல்லாம் நடந்துவிடவில்லை. அப்போது நடைமுறையில் இருந்த 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் தெளிவாக இருந்தது: ஓய்வு பெற்றவருக்குப் பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் கூலி, அதுவும் 30 நாளுக்குள். ஆனாலும் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு வேதியர் பலமுறை அவரோடு போய்வர வேண்டியிருந்தது. ஓராண்டுக்குப் பிறகு பணத்தில் ஒரு பகுதி வந்தது. மீதி இன்னும் வரவில்லை. வீட்டு விஷயமும் முடியவில்லை. நன்கொடை நின்றுவிட்டது. அந்த ஆண்டுத் திருவிழாவில் வாணவேடிக்கை இல்லை. யாரும் குறையாகச் சொல்லவும் இல்லை.

பணம் வந்த வாரம் அந்தத் தாய் பங்கு இல்லத்துக்கு வந்தார். "கறி எடுத்து ஆக்கினேன் ஃபாதர்" என்று ஒரு தூக்குவாளியை வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு நாம் உண்ட உணவு, நாம் கொடுத்தது அல்ல. அவருக்கு உரியது அவருக்குக் கிடைத்ததால், அவர் நமக்குக் கொடுத்தது.

அன்பார்ந்தவர்களே, நம்மால் உலகின் 67 கோடிப் பேருக்கும் உணவளிக்க முடியாது. ஆனால் நம் கையில் இருக்கும் அப்பங்களை எண்ணிப் பார்க்க முடியும். மூன்றைச் சொல்கிறோம்.

முதலாவது, நம் படிப்பு. எழுதத் தெரிந்த கை ஒவ்வொரு பங்கிலும் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு திருப்பலிக்குப் பின் எங்கள் ஆலய வாசலில் ஒரு மேசை போடுகிறோம். ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியரும், கல்லூரியில் படிக்கும் இரண்டு பிள்ளைகளும் அங்கே உட்காருகிறார்கள். முதியோர் உதவித்தொகை, குடும்ப அட்டையில் பெயர் சேர்த்தல், வைப்பு நிதி, பணிக்கொடை என்று எதற்கு வேண்டுமானாலும் மனு எழுதித் தருகிறார்கள். எந்தச் சமயத்தவரும் வரலாம். உங்கள் ஊர்க் கோயிலிலும் மசூதியிலும் சங்கத்திலும் இப்படி ஒரு மேசை போடலாமே.

இரண்டாவது, நம் பிடியரிசி. நம் அன்பியங்களில் சோறு வடிக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி எடுத்துவைக்கும் நல்ல வழக்கம் உண்டு. அதைக் கைவிட வேண்டாம். ஆனால் ரேஷன் அரிசி கிடைக்கும் வீட்டுக்கு, பிடியரிசியோடு ஒரு பிடி பயறும் துவரையும் சேர்த்து எடுத்துவைப்போம். தவக்கால உண்டியல் பணத்தில் ஒரு பகுதி, கர்ப்பிணித் தாய்மாருக்கும் வயதானவர்களுக்கும் முட்டையாகப் போகட்டும்.

மூன்றாவது, நம் மிச்சம். எல்லாரும் வயிறார உண்ட பிறகு மீந்த துண்டுகளைச் சீடர்கள் சேர்த்தார்கள். பன்னிரண்டு கூடை நிறைந்தது. வல்லமையுள்ள ஆண்டவரின் பந்தியிலேயே துண்டுகள் வீணாகவில்லை. 2022-ஆம் ஆண்டில் உலகம் 105 கோடி டன் உணவை வீணாக்கியது என்கிறது ஐ.நா. கணக்கு. அதில் பெரும்பகுதி வீடுகளிலிருந்து. நம் திருமண மண்டபங்களின் பின்பக்கத்தையும், திருவிழா விருந்து முடிந்த இரவையும் நாம் பார்த்திருக்கிறோம். உணவை வீசுவது ஏழையின் பந்தியிலிருந்து திருடுவதற்குச் சமம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் நமக்கு நினைவூட்டியிருக்கிறார்.

இந்த நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருக்கும் தோட்ட உரிமையாளர்களே, மேலாளர்களே, வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்களே, உங்களுக்கும் ஒரு தாழ்மையான விண்ணப்பம். தேயிலைத் தொழில் படும் பாடு எங்களுக்குத் தெரியும். ஆனாலும் உழைத்தவரின் பணத்தைக் கடைசியாகக் கொடுக்கும் கணக்காக வைக்காதீர்கள். கொடுக்கப்படாத கூலி ஆண்டவரை நோக்கிக் கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு திருமுகம் எச்சரிக்கிறது. அது உங்களுக்கு மட்டும் அல்ல, பங்கு இல்லத்தில் சமைப்பவருக்குக் கூலி கொடுக்கும் எங்களுக்கும் சேர்த்துத்தான்.

இன்று மாலை தேநீர் அருந்தும்போது, அந்தக் கொழுந்தைப் பறித்த கையை ஒரு நொடி நினைப்போம். அந்தக் கைக்குச் சேர வேண்டியது சேர்ந்ததா என்று கேட்போம். சேரவில்லை என்றால், அவரை அனுப்பிவிட வேண்டாம்.

மன்றாடுவோம்: இரக்கமுள்ள தந்தையே, பாலை நிலத்தில் பசித்திருந்த மக்கள்மேல் உம் திருமகன் மனமிரங்கினார். அவருடைய கண்களை எங்களுக்குத் தாரும். எங்கள் கையில் இருப்பதை எண்ணிப் பார்க்கும் நேர்மையையும், அதைப் பகிரும் துணிவையும் தாரும். உழைத்தவருக்கு அவருடைய கூலியும், பிள்ளைகளுக்குச் சத்துள்ள உணவும், போர் நிகழும் நாடுகளுக்கு அமைதியும் கிடைக்கச் செய்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக. ஆமென்.